நண்பரோடு முரண்பட்ட நண்பர்: ரோமெய்ன் ரோலண்டின் வாழ்வு

ஓர் அரசியல் தலைவரை ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்னும் வினா நெடுநாள் நட்பையும் முறித்துவிடுவதுண்டு. இவ்வினாவைப் பண்போடு எதிர்கொண்டவராகவும், பிற்காலத்தில் அதே வினாவின்முன் தடுமாறியவராகவும் பிரெஞ்சு எழுத்தாளர் ரோமெய்ன் ரோலண்டை வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

பிரான்சின் கிளாம்சி என்னும் சிற்றூரில் 1866ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் அவர் பிறந்தார். பாரிஸ் சோர்பொன் பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பித்தார். ஜெர்மானிய இசைஞன் ஒருவனைத் தலைமகனாகக் கொண்டு பத்துத் தொகுதிகளாய் அவர் எழுதிய ‘ஜான் கிறிஸ்தோப்’ என்னும் நாவல் 1912இல் நிறைவுற்றது. 1915ஆம் ஆண்டுக்குரிய இலக்கிய நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது.

ஆயினும் 1914இல் மூண்ட முதல் உலகப் போரின்போது, இரு தரப்பினரின் வெறுப்பையும் கண்டித்து ஜெனீவா நாளிதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரைகளால் தாய்நாட்டிலேயே துரோகி எனத் தூற்றப்பட்டார். ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க்கைதிகள் பணியகத்தில் தொண்டாற்றிய அவர், 1922இல் சுவிற்சர்லாந்தின் வில்நேவ் என்னும் ஏரிக்கரை ஊரில் குடியமர்ந்தார். காந்தியடிகள், இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் வரலாறுகளை அவர் எழுதியது அங்கு வாழ்ந்த காலத்திலேயாகும்.

அந்த ஊருக்கே 1926 ஜூன் மாதம் கவிஞர் தாகூர் வந்து சேர்ந்தார். அதற்கு முந்திய வாரங்களில் அவர் முசோலினியின் அரசுடைய விருந்தினராக இத்தாலியில் தங்கியிருந்தார். சாந்திநிகேதனுக்கு நூல்களையும் பேராசிரியர்களையும் அனுப்பி உதவிய ஆட்சித் தலைவர்மீது கவிஞருக்கு நன்றியுணர்வு இருந்தது இயல்பே. அவர் கூறிய பாராட்டு மொழிகளை இத்தாலியப் பத்திரிகைகள் பெருக்கி, பாசிசத்துக்கு அவர் அளித்த நற்சான்றாகவே வெளியிட்டன. நாடாளுமன்ற உறுப்பினர் மத்தேயோத்தி கொலையுண்டு அப்போது இரண்டு ஆண்டுகளே கழிந்திருந்தன.

ரோலண்ட் வேதனையுற்றார். எனினும் பகிரங்கக் கண்டனம் எழுதவில்லை. விருந்தினரை இகழவும் இல்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தங்கை மடலேன் மொழிபெயர்க்க, இத்தாலியில் நடந்த தாக்குதல்களையும் கொலைகளையும் கவிஞருக்கு எடுத்துரைத்தார். தம் சொல்லை மட்டும் நம்பும்படி கேளாது, பாதிக்கப்பட்டவர்களையே நேரிற் சந்திக்குமாறு வேண்டிக்கொண்டார். அவ்வாறே நாடு துறந்து வாழ்ந்த இத்தாலியர்களைத் தாகூர் சூரிச்சிலும் வியன்னாவிலும் சந்தித்தார். அவ்வகதிகளின் வாய்மொழி, அரச விருந்துகள் மறைத்தவற்றை அவருக்கு வெளிப்படுத்தியது. 1926 ஆகஸ்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கார்டியன் இதழில் வெளியான கடிதத்தின் மூலம் பாசிசத்தின் வழிமுறைகளைத் தாம் ஏற்கவில்லையென அவர் அறிவித்தார். முன்னர் புகழ்ந்த இத்தாலியப் பத்திரிகைகள் அவரை வசைபாடின. ரோலண்டுடனான நட்போ நிலைத்தது.

1931 டிசம்பரில் காந்தியடிகள் வில்நேவுக்கு வந்தபோதும், ரோம் நகருக்குச் செல்வதிலுள்ள ஆபத்தை ரோலண்ட் எடுத்துக் கூறினார். அடிகள் சென்று முசோலினியைச் சந்தித்தார். அதன் பின்னரும் ரோலண்டின் மதிப்புக் குன்றவில்லை.

ஆனால் அவர் வாழ்வின் மறுபக்கத்தையும் கூறாது விடலாகாது. ஜெர்மனியில் ஹிட்லர் எழுச்சியுற்றபின் சோவியத் ஒன்றியமே உலகின் அரண் என அவர் நம்பினார். 1935இல் மொஸ்கோ சென்று ஸ்டாலினைச் சந்தித்து, நாடுகடத்தப்பட்டிருந்த எழுத்தாளர் விக்டர் சேர்ஜுக்காகப் பரிந்து பேசினார். மறு ஆண்டு சேர்ஜ் விடுதலை பெற்றார். எனினும் அப்பயணக் குறிப்புகளை ஐம்பது ஆண்டுகளுக்கு வெளியிடலாகாதெனத் தடைவிதித்தார். 1936இல் ஆந்திரே ஜீத் சோவியத் நாட்டைக் கண்டு திரும்பி அங்குள்ள குறைகளை நூலாக எழுதியபோது, ரோலண்ட் அவரைப் பகிரங்கமாகக் கடிந்தார். தாகூரிடம் காட்டிய பொறுமை ஜீத்திடம் காட்டப்படவில்லை. அதன்பின் புகாரின் முதலியோர் சிறைப்பட்டபோது ஸ்டாலினுக்குத் தனிப்பட்ட கடிதங்கள் எழுதினார், மறுமொழி வரவில்லை. உலகறிய அவர் வாய் திறக்கவுமில்லை. 1939இல் ஸ்டாலின் ஹிட்லருடன் உடன்படிக்கை செய்தபோது அந்நம்பிக்கை தகர்ந்தது. 1938இல் பிரான்சுக்குத் திரும்பியிருந்த அவர், 1944 டிசம்பர் 30ஆம் நாள் வெசலே என்னும் ஊரிற் காலமானார்.

பிறர் போற்றும் தலைவனின் குற்றத்தைக் காண்பது எளிது. தான் நம்பிய தலைவனால் துன்புற்றோரின் குரலைக் கேட்பதே அரிது. 1926இல் தாகூர் அந்த அரிய செயலைச் செய்தார். அதற்கு வழிகாட்டிய ரோலண்டே பத்தாண்டுகளின் பின் அதனைச் செய்ய இயலாதவரானார். தலைவர்களின் பெயரால் ஒருவரையொருவர் துரோகியென அழைக்கும் பழக்கம் எந்தச் சமூகத்தில் வேரூன்றினும், அவருடைய வாழ்வின் இவ்விரு பக்கங்களும் சேர்த்தே படிக்கப்படவேண்டும்.