பச்சையப்ப முதலியாரும் வட்டியில் எழுந்த பள்ளிக்கூடமும்



கோயம்பேட்டிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவில் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள், ஷெனாய் நகரைத் தாண்டியதும் பச்சையப்பன் கல்லூரி நிலையம் வரும். பேர் நமக்கு அத்தனை பழக்கம். ஆனால் அந்தப் பச்சையப்பர் யார், அவர் கல்லூரி கட்டினாரா என்று கேட்டால் பலரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அவர் ஒரு பள்ளிக்கூடத்தைக்கூடத் திறக்கவில்லை. அவர் இறந்து 47 வருஷம் கழித்துத்தான் அது வந்தது. எப்படி வந்தது என்பதுதான் என் போன்ற பழைய வங்கிக்காரனுக்குச் சுவையான விஷயம்.

பச்சையப்ப முதலியார் 1754-இல் பிறந்தார். காஞ்சிபுரத்துக் குடும்பம். பிள்ளை பிறக்கும் முன்பே தகப்பனார் காலமாகிவிட்டார். தாயார் பூச்சியம்மாள் கையில் ஒன்றுமில்லாமல் பெரியபாளையத்தில் இருந்து பிள்ளைகளை வளர்த்தார். பிறகு சென்னைக்கு வந்து, நாராயண பிள்ளை என்ற துபாஷியின் ஆதரவில் தங்கினார்கள். துபாஷி என்றால் வெள்ளைக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்து, கொடுக்கல் வாங்கலையும் முடித்துக் கொடுப்பவர். அவரிடம்தான் பையன் கொஞ்சம் ஆங்கிலமும் கணக்கு வழக்கும் கற்றான். கற்றதை வைத்துத் தரகு வேலையில் இறங்கி, கம்பெனி அதிகாரிகளுக்கே துபாஷியாகி, தஞ்சாவூர்ப் பக்கத்து வருவாய்க் காரியங்களிலும் கைவைத்து, முப்பது வயதுக்குள் பெரும் செல்வர் ஆனார்.

நடுவில் ஒரு செய்தி. அவர் கோமளீஸ்வரன்பேட்டையில் குடியிருந்தார். தினமும் கூவத்தில் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவாராம். ஆமாம், நம்ம கூவம்தான்!

பணம் வந்ததே தவிர குடும்பத்தில் நிம்மதி இல்லை. இரண்டு மனைவிகள், இரண்டு பக்கமும் பூசல். ஆண் வாரிசு இல்லை. உடம்பும் கெட்டது. 1794 மார்ச் 22-ஆம் தேதி உயில் எழுதினார். ஒன்பதே நாளில், மார்ச் 31-ஆம் தேதி, திருவையாற்றில் உயிர் பிரிந்தது. வயது நாற்பது.

உயிலில் அவர் நினைத்ததெல்லாம் கோயில் கட்டளைகளும் தான தருமங்களும்தான். அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்லவே வேண்டாம், உங்களுக்கே தெரியும். வாரிசுத் தகராறு, வழக்கு, ஆளாளுக்கு ஒரு கணக்கு. தருமத்துக்கு என்று எழுதிய பணம் தருமத்துக்குப் போகாமல் பல வருஷம் கிடந்தது. கோயிலுக்கு எழுதி வைத்ததைச் சாமி வந்து கேட்குமா? பயனாளி வாய் திறந்து கேட்க முடியாத பணம் என்ன பாடு படும் என்று நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையவே பார்த்திருக்கிறேன். நாமினி பேர் எழுதாத டெபாசிட்டுக்காகக் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் என் மேஜை முன்னாலேயே பேச்சை முறித்துக்கொண்டு போனதும் உண்டு.

இங்கே கேட்க ஆள் கிடைத்தது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர்கள் விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். முக்கியமாக ஜார்ஜ் நார்ட்டன். பணம் மீட்கப்பட்டபோது அசலோடு வட்டியும் பெருகியிருந்தது. நூற்றுக்கு ஐந்து வீதம் தனிவட்டி என்று சும்மா போட்டுப் பாருங்கள், 47 வருஷத்தில் வட்டி மட்டும் அசலைப்போல் இரண்டேகால் மடங்குக்கு மேல் ஆகிவிடும். உயிலில் சொன்ன கட்டளைகளுக்கு வேண்டியதை ஒதுக்கியது போக மிஞ்சியதை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. கோயிலுக்கே சேர்த்துவிடலாம் என்று முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதை இந்துப் பையன்களின் படிப்புக்குக் கொடுப்பது என்று முடிவானது. இந்த முழுக் கதையிலும் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த ஒரு தீர்மானம்தான்.

1842 ஜனவரி 1-ஆம் தேதி ஜார்ஜ் டவுனில், பிராட்வே பக்கம், ஏழைப் பையன்களுக்கான ஆரம்பப் பயிற்சிப் பள்ளியாக அது தொடங்கியது. பொறுப்பு நம் ஊர் அறங்காவலர்கள் கையில். அரசாங்கமோ மிஷன்களோ நடத்தாமல், நம்மவர் பணத்தில் நம்மவரே நடத்திய ஆங்கிலப் பள்ளி அந்த நாளில் பெரிய காரியம். 1846-இல் எஸ்பிளனேடில் சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல், 1850-இல் திறப்பு. ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கக் கோயில் ஒன்றின் சாயலில் கட்டிய அந்தப் பச்சையப்பன் மண்டபத்தின் தூண்களை என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் இன்றும் பார்க்கலாம். கடைகளின் கூட்டத்தில் நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் கிளைப் பள்ளிகள் வந்தன.

சென்னைப் பள்ளி 1889-இல் முதல் நிலைக் கல்லூரியானது. 1906-இல் ஒரு கும்பகோணத்துப் பையன் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதில் தேறாமல் போனார். அவர்தான் ராமானுஜன். பின்னாளில் அறிஞர் அண்ணா படித்ததும் இங்கேதான். 1940-இல் கல்லூரி சேத்துப்பட்டுக்கு மாறியது. 1947-இல்தான் எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. அதுவரை திறக்காதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போன பொதுக்குழுவில் நம் கார்பஸ் ஃபண்டின் வட்டியை எதற்குச் செலவு செய்வது என்று இரண்டு மணி நேரம் வாதாடினோமே, நினைவிருக்கிறதா? பெயின்ட் அடிப்பதா, லிஃப்ட் மாற்றுவதா என்று நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பச்சையப்பரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கூட்டத்தில் நம் வாட்ச்மேன், தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். எதிர்த்துப் பேசுகிறவர்கள் கணக்கோடு வாருங்கள்.