ஆளுநர் பார்ன்ஸின் வீடுகள்

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் கிராண்ட் ஹோட்டலின் முன்னால் நின்று ஒரு படமாவது எடுத்துக்கொள்வார்கள். உள்ளே தங்குவதற்குக் கையில் நல்ல காசு வேண்டும். அந்த ஹோட்டல் முதலில் ஒரு வீடு. 1820களின் இறுதியில் அதைக் கட்டியவர் பிரித்தானிய ஆளுநர் சேர் எட்வர்ட் பார்ன்ஸ். அப்போது அதன் பெயர் பார்ன்ஸ் ஹோல். கல்கிசையில் மெயிட்லண்ட் வீடு வைத்திருந்த இடத்தில் பெரிய மாளிகையொன்றை எழுப்பியவரும் அவர்தான். அதுவும் பின்னர் ஹோட்டலானது. கண்டியில் இன்று ஜனாதிபதி மாளிகையாக இருப்பதும் அவர் காலத்துக் கட்டடமே.

1776இல் பிறந்த பார்ன்ஸ் 1792இல் இராணுவத்தில் சேர்ந்தார். 1815 வாட்டர்லூ போரில் வெலிங்டனின் படையில் உயர் அதிகாரியாக இருந்து படுகாயமடைந்தார். ஊவாக் கிளர்ச்சி நசுக்கப்பட்டு இரண்டு வருடங்களில், 1820இல், இலங்கையின் பதில் ஆளுநரானார். 1824 முதல் 1831 வரை முழு ஆளுநர்.

கண்டியை மீண்டும் கிளர்ந்தெழ விடாமல் வைத்திருக்க வீதி வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. படை விரைவாக மலையேற வேண்டும். கொழும்பு - கண்டி வீதி அப்படித்தான் வந்தது. அதை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் நிற்கிறது. மலையை வெட்டியவர்கள் இராஜகாரிய முறையின் கீழ் பிடித்துவரப்பட்ட கிராமத்தவர்கள். மன்னர் காலத்தில் காணிக்குப் பதிலாகச் செய்த சேவையை, பிரித்தானியர் கட்டாய வேலையாக்கி வீதிக்குத் திருப்பினார்கள்.

இங்கே ஒரு குடும்பச் செய்தியையும் சொல்ல வேண்டும். 1823இல் பார்ன்ஸ் மணமுடித்த மரியாவின் தந்தை வோல்டர் ஃபோக்ஸ், அடிமை வியாபாரத்தை ஒழிக்க வேண்டும் என்று பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நின்றவர். மருமகனோ, இராஜகாரியம் தேவை என்று கடைசிவரை வாதாடினார். விசாரணைக்கு வந்த கோல்புறூக்குடன் அவருக்கு ஒத்துப்போகவேயில்லை. அவர் போன மறுவருடம், 1832இல், அந்த முறை ஒழிக்கப்பட்டது.

வீதி வந்ததும் கோப்பி வந்தது. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் ஆளுநரே சொந்தமாகக் கோப்பித் தோட்டம் வைத்தார். கோப்பி ஏற்றுமதிக்கான தீர்வையை நீக்கினார். அரச அதிகாரிகளும் இராணுவத்தினரும் காணி வாங்கித் தோட்டம் போட்டார்கள். சட்டம் செய்கிறவரே தோட்டக்காரராக இருந்தால் சட்டம் யார் பக்கம் சாயும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கண்டிக் கிராமத்தவர்கள் தங்கள் வயலை விட்டுக் கூலிக்கு வர விரும்பவில்லை. ஆகவே தென்னிந்தியாவிலிருந்து தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். இராமேஸ்வரத்திலிருந்து கடல் கடந்து, தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் பாதையோரத்தில் இறந்தவர்களுக்குக் கணக்கு இல்லை.

1869இல் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது, லயன்கள் நின்றன. 1948இல் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1977 வன்செயலுக்குப் பின்னர் பல குடும்பங்கள் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. இறுதி யுத்தத்தில் அவர்களும் மற்ற வன்னி மக்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்தார்கள், பறிகொடுத்தார்கள். வன்னியின் துயரத்தைப் பேசும்போது இந்த மலையகக் கிளையை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம்.

பார்ன்ஸ் இலங்கையை விட்டுப் போய் இந்தியாவில் பிரதம சேனாதிபதியாக இருந்தார். பின்னர் நாடு திரும்பிப் பாராளுமன்ற உறுப்பினரானார். 1838இல் லண்டனில் இறந்தார். நுவரெலியா வீடு பலர் கைமாறி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோட்டலாகியது.

கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. கொழும்பிலிருந்து மற்ற ஊர்களுக்கான வீதித் தூரம் அந்தச் சிலையிலிருந்தே அளக்கப்பட்டு வந்தது. நடந்து வந்தவர்களின் பாதையை 2023இல், மலையகம் 200 நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடியும் நடந்தார்கள். ஜூலை இறுதியில் புறப்பட்டவர்கள் ஓகஸ்ட் 12ஆம் திகதி போய்ச் சேர்ந்தார்கள்.