பரல் அரித்த குமாரசுவாமி

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் பெருந்தெருவிலே பூவரசங்குளம் என்னும் ஊர் உண்டு. மரமும் நீரும் சேர்ந்து பெயரான ஊர். அங்கே மாணவன் ஒருவன் கேட்ட வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். அவுஸ்திரேலியாவில் வாழும் அவனுடைய உறவினர் ஒருவர், ஓய்வு நாட்களில் உலோகம் அறியும் கருவியொன்றைக் கையில் ஏந்திக் காடுமேடெல்லாம் அலைந்து பொற்கட்டி தேடுகிறாராம். அதே கருவியுடன் நம்முடைய காட்டிலே திரிந்தால் பொன் அகப்படுமா என்று கேட்டான்.

வினாவிலே தவறில்லை. விக்ரோறியா மாநிலத்துக் கிங்கவர் என்னும் சிற்றூரருகே 1980 ஆம் ஆண்டில் இத்தகைய கருவியொன்று 27 கிலோகிராமுக்கு மேற்பட்ட பொற்கட்டியைக் காட்டிக் கொடுத்தது. நம்பிக்கையின் கரம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். கருவியின் செயல் எளியது. அதன் அடியிலுள்ள கம்பிச் சுருளில் ஓடும் மின் மண்ணுக்குள்ளே மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலத்தைச் செலுத்தும். அங்கே உலோகம் கிடந்தால் அதிலே சுழிமின்னோட்டம் பிறந்து மறுபுலம் ஒன்றை எழுப்பும். அதனைக் கருவி ஒலியாக்கி நம் செவிக்குத் தரும். பொன்னா, துருப்பிடித்த ஆணியா என்று அது உறுதியாகச் சொல்லாது, தோண்டித்தான் பார்க்கவேண்டும்.

வன்னி மக்களுக்கு அந்த ஒலி புதியதன்று. 2009 இல் போர் ஓய்ந்த பின்னர், கண்ணிவெடி அகற்றுவோர் முகக்கவசமும் அணிந்து, அங்குலம் அங்குலமாக நம் வயல்களையும் வளவுகளையும் இக்கருவி கொண்டே துழாவினார்கள். அக்கருவியைப் பொன்னுக்கு உரியதாக அல்ல, வெடிக்கு உரியதாகவே நம் பிள்ளைகள் முதலில் அறிந்தார்கள். புதையல் தேடி அனுமதியின்றித் தோண்டுவோரை 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச்சட்டமும் விடாது.

மாணவனுக்கு நான் சொன்ன விடை இது. இலங்கையின் ஆற்றுப் பரல்களிலே பொன் அருகிக் காணப்படுவது உண்மை; ஆனால் அது துகளாய்க் கிடக்கிறது. துகளின் குரல் கருவிக்குக் கேளாது. இரும்பு கலந்த செங்கபில மண்ணும் கிரவலும் வேறு வீண் ஒலி எழுப்பி அதனை மயக்கும். அப்படியானால் இந்நாட்டு மண்ணில் என்னதான் உண்டு என்று அவன் மேலும் கேட்டான். அதை அறிவதற்கென்றே ஒரு காலத்தில் அரசாங்கம் ஒரு தமிழரை நியமித்திருந்தது என்றேன். பெயரைச் சொன்னதும் அவன் மட்டுமன்றி, அருகிலிருந்த ஆசிரியர் ஒருவரும் வியந்தார். ஆனந்த குமாரசுவாமியைச் சிவ நடனத்துக்கு விளக்கம் எழுதியவராகவே நாம் அறிவோம். பரலும் பாறையும் ஆய்ந்தவர் என்பதைப் பலரும் மறந்தே போனோம்.

1877 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 22 ஆம் நாள் அவர் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, சட்டநிரூபண சபையில் தமிழருக்காக அமர்ந்தவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில மாது. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் தந்தையாரின் சகோதரி மக்கள். இத்தகைய குடியிற் பிறந்தும் அக்குழந்தைக்குத் தந்தையின் மடி வாய்க்கவில்லை. தாயார் குழந்தையுடன் முன்னதாக இங்கிலாந்து சென்றிருந்தார். பின்தொடரவிருந்த முத்துக்குமாரசுவாமி கப்பலேற வேண்டிய நாளிலே, 1879 மே 4 ஆம் நாள், காலமானார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதும் நிரம்பவில்லை. சில மாதப் பயணம் என்று புறப்பட்டது பிள்ளைப் பருவம் முழுவதுமாக நீண்டுவிட்டது.

குளொஸ்ரர் மாகாணத்திலே விக்கிளிவ் கல்லூரியிற் படித்த காலத்திலே அயலிலுள்ள குன்றுகள் அவரை இழுத்தன. பாடசாலைப் பிள்ளை கல் பொறுக்குவது உலகெங்கும் காணும் விளையாட்டு. அவர் அதை விடவில்லை, அவ்வளவே. டோவரோக் குன்றின் அமைப்பைப் பற்றிய அவருடைய முதற் கட்டுரை 1895 இல் வெளிவந்தது. 1900 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவருடைய ஆய்வு இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் ஏட்டில் இடம்பெற்றது. 1903 இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக நியமனம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தைந்து அல்லது இருபத்தாறு.

அரசாங்கம் வேண்டியது பணம் தரும் மண். காரீயம் எங்கே, மைக்கா எங்கே, இரத்தினக்கல் எங்கே என்ற கணக்கு. அவர் கொடுத்ததும் அந்தக் கணக்கைத்தான். ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். எனினும் அவருடைய கை சென்ற இடங்கள் வேறு. பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிறையருடன் சேர்ந்து, கண்டிப் பகுதியிலே கங்கப்பிட்டியில் எடுத்த நீலநிறக் கனிப்பொருள் ஒன்று உலகுக்கே புதியதென்று 1903 இல் நிறுவினார். அராபியர் இந்நாட்டுக்கு வழங்கிய சரந்தீபம் என்ற பழம்பெயரால் அது செரெண்டிபைற் எனப்பட்டது. இன்று அரிய இரத்தினங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

மற்றைய நிகழ்ச்சியைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். இரத்தினபுரிப் பக்கத்திலே மணி எடுப்போர், குழியின் ஆழத்திலிருந்து அள்ளிய பரலைக் கூடையிலிட்டு நீரிலே சுழற்றிக் கழுவுவார்கள். அந்தப் பரற்படையைச் சிங்களத்தில் இல்லம் என்பர். நம் வீடுகளில் அரிசி அரிப்பதை நினைத்துக்கொள்க. ஆனால் அங்கே கல்லை அடியில் விட்டு அரிசியைக் கொள்கிறோம், இங்கே மேலே மிதப்பதைப் போக்கி அடியில் நிற்பதைக் கொள்கிறார்கள். மண் கரையும், இலேசான மணல் போகும், நீலமும் புட்பராகமும் கூடையினடியில் நிற்கும். அவற்றோடு கறுப்பாய், மிகக் கனமாய், சிறு சிறு கனசதுரங்களாய் ஒருவகைப் பரலும் நிற்கும். மணியைப் பொறுக்கியபின் அதை எறிந்துவிடுவது வழக்கம். விலை இல்லாத பொருளை யார் சுமப்பார்?

பலாங்கொடைப் பகுதியிலிருந்து 1904 இல் அந்தக் கறுப்புப் பரல் குமாரசுவாமியின் கைக்கு எட்டியது. அவர் அதனை யுரேனியம் செறிந்த யுரேனினைற் என்று எண்ணினார். எண்ணியது பிழை. இலண்டனிலே டன்ஸ்ரன் செய்த பகுப்பாய்விலே அது நூற்றுக்கு எழுபது பங்கிற்கு மேல் தோரியம் ஒக்சைட்டு என்று தெரிந்தது. புதிய கனிப்பொருள் என்று கண்டு தோரியனைற் எனப் பெயரிட்டார்கள். ஆய்வாளர் பிழைபட்டதனால் அவருக்குச் சிறுமை இல்லை. கழிவுக் குவியலிலிருந்து ஒரு பிடியை எடுத்து இது என்ன என்று கேட்டாரே, அந்தக் கேள்வி பிழைக்கவில்லை.

தோரியத்துக்கு அந்நாளிலே சந்தை இருந்தது. கோயிற் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் பெற்றோமாக்ஸ் ஏற்றிய தலைமுறையினருக்கு அதன் மென்டில் என்னும் சிறு வலைப்பை நினைவிருக்கும். வெண்ணொளி பொழிந்த அந்த வலை தோரியம் தோய்ந்தது. அதனினும் பெரிய செய்தி வேறு. இப்பரல் கதிரியக்கம் உடையது. குமாரசுவாமி படித்த அதே பல்கலைக்கழகக் கல்லூரியிலே, பேராசிரியர் இராம்சேயிடம் வந்திருந்த ஓட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞருக்கு இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பிரித்த உப்பு ஆய்வுக்குக் கொடுக்கப்பட்டது. அதிலிருந்து 1905 இல் அவர் கண்டறிந்தது ரேடியோதோரியம். பின்னர் 1938 இல் யுரேனிய அணு பிளவுறுவதைக் கண்டவரும் அந்த ஹானே. பலாங்கொடைக் குழியருகே எறிந்த பரல் எங்கே சென்று சேர்ந்தது பாருங்கள்.

இனி அவர் வாழ்வு திரும்பிய வளைவுக்கு வருவோம். கல் தேடி ஊரூராய்ப் போனவர் ஊர்களையும் கண்டார். கண்டிச் சீமையிலே கொல்லரும் தட்டாரும் தச்சரும் சித்திரகாரரும் நெசவாளரும் தலைமுறை தலைமுறையாகக் காத்த தொழில்களை ஒவ்வொன்றாய்க் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பலில் வந்த மலிவுப் பண்டம் ஒருபுறம். தம்முடையது தாழ்ந்தது என்று கற்பித்த பள்ளி மறுபுறம். 1902 இல் அவர் மணந்த எதெல் மேரி அம்மையார் கைத்தொழிலில் ஈடுபாடு மிக்கவர். ஒளிப்படம் எடுப்பதில் அவர் துணைசெய்தார். இருவரும் பழைய வீடுகளிலும் விகாரைகளிலும் கண்டவற்றைத் தொகுத்தனர். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைமையை ஏற்று, பொருத்தமற்ற மேனாட்டுப் போலி வழக்கங்களைக் கண்டித்தும் தாய்மொழிக் கல்வியை ஆதரித்தும் எழுதினார். 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் கனிப்பொருள் ஆராய்ச்சிக்காக அவருக்கு விஞ்ஞானப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. பட்டம் கையில் வந்த வேளையிலே அந்தத் துறையை விட்டு விலகினார். நம்மவருள் இப்படிச் செய்தவர் அரியர்.

இங்கிலாந்து மீண்டு, பிறோட் காம்டன் என்னும் சிற்றூரிலே வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியைக் கொண்டே இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை அச்சிட்டார். 1907 செப்டெம்பரிலே தொடங்கிய வேலை 1908 டிசெம்பர் வரை நீடித்தது. படிகள் 425. கலை நூல் என்று பெயர் பெற்றாலும், அதைப் படிப்போர் ஓர் ஆய்வுகூட மாணவனின் கண்ணை அங்கே காண்பார்கள். தட்டார் எந்தப் பொருளை எவ்வாறு உருக்கினார், மட்பாண்டம் எந்த மண்ணில் ஆனது, சாயம் எந்தப் பட்டையில் இறங்கியது என்பனவெல்லாம் பாறையின் பாகுபாடு சொல்வதுபோல ஒழுங்காய்ச் சொல்லப்படும். பொன்னின் நிறையை அல்ல, பொன்னைத் தொட்ட கையின் அறிவையே அவர் நிறுத்தார்.

அதே ஆண்டுகளிலே, 1907 இலும் 1908 இலும், பொலநறுவையில் தொல்பொருட் பகுதியார் அகழ்ந்தபோது மண்ணிலிருந்து உலோகம் வெளிப்பட்டது. நடராசர், உமை, நாயன்மார் எனச் சைவத் திருவுருவங்கள். சோழர் காலத்தையும் அதன் பின்னையும் சார்ந்தவை. நிறுத்து விற்பவனுக்கு அவை செம்பு. குமாரசுவாமி அவற்றை ஆராய்ந்து இலங்கை வெண்கலங்களைப் பற்றிக் கொழும்பு நூதனசாலை வெளியீடாக 1914 இல் எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே சித்தாந்த தீபிகை என்னும் இதழில் சிவ நடனம் பற்றிய கட்டுரை வந்துவிட்டது. 1918 இல் நூலாகி உலகெங்கும் சென்றது.

நடு வாழ்வை விரைந்து சொல்லிவிடலாம். மணவாழ்வு முறிந்தது, பின்னரும் மணங்கள் நிகழ்ந்தன. இந்தியாவிலே அலைந்து இராசபுத்திர ஓவியங்களைத் தேடித் தொகுத்தார். அவ்வோவியங்களை ஒரு தனி மரபென்று அவர் 1916 இல் நூலெழுதி நாட்டும்வரை அவற்றைத் தனித்து நோக்கியவர் சிலரே. காசியிலே தேசிய நூதனசாலை ஒன்று எழுமாயின் தொகுப்பு முழுவதையும் கொடுப்பதாகச் சொன்னார். பொருள் திரட்ட எவரும் முன்வரவில்லை. முதல் உலகப் போரிலே பிரித்தானியருக்காகப் படையிற் சேர மறுத்தவர் 1917 இல் அமெரிக்கா சென்றார். ஓவியங்களும் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலைக்குச் சென்றன. அவற்றோடு அவரும் இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளராய் அங்கேயே அமர்ந்தார். பலாங்கொடையார் பரலை எறிந்ததை எடுத்துரைக்கும் நாம் இதையும் எடுத்துரைக்கவேண்டும். அவர்களாவது படியாத கூலியாட்கள்.

பொஸ்ரனில் முப்பது ஆண்டு. 1927 இல் இந்திய இந்தோனீசியக் கலை வரலாறு வெளிவந்தது. பின்னர் தத்துவமும் சமயமும் அவர் எழுத்தை ஆட்கொண்டன. கிரேக்கமும் இலத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே பந்தியிலே வந்து நிற்கும் அடர்ந்த கட்டுரைகள் அவை. எளிதில் நுழைய முடியாதவை என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. முதுமையில் இமயச் சாரலுக்குச் சென்று ஒதுங்கி வாழ எண்ணியிருந்தார். 1947 ஓகஸ்ற் 15 இல் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரத்தில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. செப்டெம்பர் 9 ஆம் நாள் பொஸ்ரனை அடுத்த நீடம் என்னும் ஊரிலே, தம் இல்லத்தில் உயிர்நீத்தார். இமயம் காணவில்லை.

கொழும்பிலே கிறீன் பாத் என்றிருந்த வீதிக்குப் பின்னர் அவர் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு அணித்தேயுள்ள நூதனசாலையிலே பொலநறுவைத் திருவுருவங்கள் நிற்கின்றன. பூவரசங்குளத்து மாணவன் அடுத்த கல்விச் சுற்றுலாவிலே அங்கே போகிறான். நடராசரின் அடியிலே எத்தனை இறாத்தல் செம்பு என்று அவன் கேட்பானோ, வேறு கேட்பானோ, அறியேன். கேட்டு வந்து சொல்வதாக வாக்களித்திருக்கிறான்.