தரையில் இருந்தபடியே விமானம் ஓட்ட வைத்தவர்... கடலுக்கடியில் மகனைப் பறிகொடுத்தவர்! யார் இந்த எட்வின் லிங்க்?

வீட்டின் ஒரு மூலையில் பழைய நாற்காலி. எதிரே ரெண்டு மானிட்டர். பலகையில் துளை போட்டுப் பொருத்திய ஸ்விட்ச்கள், முள் ஆடும் டயல்கள். எம்ப்ரேயர், சிஆர்ஜே மாதிரி சின்ன ஜெட் விமானங்களின் காக்பிட் பேனலை வீட்டிலேயே செய்து, கம்ப்யூட்டரோடு இணைத்துப் 'பறக்கிற' ஆட்கள் உலகம் முழுக்க இருக்காங்க. எம்ப்ரேயர் ஜெட்கள் நமக்கும் புதுசு இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பாரமவுன்ட் ஏர்வேஸ் ஒரு காலத்தில் ஓட்டியது இந்த விமானங்களைத்தான்.

தரையை விட்டு எழும்பாமலே விமானம் ஓட்டப் பழகலாம் என்று செய்து காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லிங்க். அவரோட பிற்கால வாழ்க்கை முழுக்கக் கடலோடுதான். அதனால், வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய நம்ம கீழவைப்பார் மாதிரி முத்தும் சங்கும் குளித்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை இன்னும் நல்லாவே புரியும்.

பியானோ கம்பெனி வீட்டுப் பையன்

1904 ஜூலை 26-ம் தேதி இண்டியானா மாநிலத்தில் பிறந்தார் லிங்க். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் அவரோட அப்பா பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். தானாக வாசிக்கும் பியானோவும், ஊமைப்படங்களுக்குப் பின்னணி இசைக்கும் தியேட்டர் ஆர்கனும் அங்கே தயாராகின. இவை எல்லாமே காற்றில் இயங்குபவை. துருத்தி, வால்வு, பம்ப் என்று அந்த வேலை லிங்க்குக்கு அத்துப்படி.

1920-ல் முதல் விமானப் பாடத்துக்காக 50 டாலர் கட்டினார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பயிற்சியாளரோ வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டிவிட்டு இறக்கிவிட்டார். கன்ட்ரோலைத் தொடக்கூட விடவில்லை. இப்படியெல்லாமா பாடம் நடத்துவது என்ற எரிச்சல் லிங்க் மனதில் தங்கிவிட்டது.

துருத்தியில் ஆடிய மரப்பெட்டி

1920-களின் கடைசியில், தொழிற்சாலையின் அடித்தளத்தில் சுமார் ஒன்றரை வருஷம் உழைத்து ஒரு கருவியைச் செய்தார். குட்டி விமானம் மாதிரி ஒரு மரப்பெட்டி, அதற்கு அடியில் ஆர்கன் துருத்திகள். உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கை அசைத்தால் வால்வு திறக்கும். துருத்தி உப்பும் அல்லது சுருங்கும். பெட்டி நிஜ விமானம் போலவே சாயும், மூக்கைத் தூக்கும், திரும்பும். இதற்கு 1931-ல் காப்புரிமையும் கிடைத்தது.

ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. விமானத் துறையினர் அதை ஒரு பொம்மையாகத்தான் பார்த்தார்கள். காசு போட்டால் ஆடும் விளையாட்டாகப் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு விற்க வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம், பேசும் படம் வந்ததால் தியேட்டர் ஆர்கன் வியாபாரமும் படுத்துவிட்டது.

உயிர்ப்பலி வாங்கிய தபால்

1934 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட், தனியார் நிறுவனங்களின் விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்து, அந்த வேலையை ராணுவத்திடம் கொடுத்தார். கடும் குளிர்காலம். பனிமூட்டத்திலும் இருட்டிலும் பறந்து பழகாத ராணுவ விமானிகள் அடுத்தடுத்து விபத்தில் இறந்தார்கள்.

இதற்குக் காரணம் என்ன? வெளியே எதுவும் தெரியாதபோது நம் உடம்பே நம்மை ஏமாற்றும். விமானம் சாய்ந்திருக்கும், ஆனால் நேராகப் போவதாகத் தோன்றும். சமநிலையை உணர்த்தும் உள்காது அந்த நேரத்தில் தப்பாகச் சொல்லும். அப்போது பேனலில் இருக்கும் முள்ளை மட்டுமே நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை ஒரு நாளில் வராது, பழகித்தான் வரணும். நிஜ விமானத்தில் பழகும்போது ஒரு தப்பு நடந்தால் உயிர் போகும். லிங்க்கின் பெட்டியில் திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்கலாம்.

ராணுவ அதிகாரிகளைச் சந்திக்க நெவார்க் நகருக்கு லிங்க் கிளம்பிய நாளில் வானிலை படுமோசம். இனி வரமாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவரோ கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை ஓட்டிவந்து பத்திரமாக இறக்கினார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒன்று 3,500 டாலர் விலையில் 6 பெட்டிகளை ராணுவம் வாங்கியது.

5 லட்சம் பேர் பழகிய பெட்டி

இரண்டாம் உலகப் போரில் 10,000-க்கும் மேற்பட்ட லிங்க் டிரெய்னர்கள் தயாராகின. நேச நாடுகளின் சுமார் 5 லட்சம் விமானிகள் அதில் பழகினார்கள். மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. உயரம், வேகம், திசை எல்லாவற்றையும் பேனல் மட்டும்தான் சொல்லும். வெளியே பயிற்சியாளரின் மேஜையில், நண்டு என்று செல்லப்பெயர் பெற்ற சின்னக் கருவி அவர் 'போன' பாதையை வரைபடத்தில் கோடாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

வானத்திலிருந்து கடலுக்கு

1954-ல் கம்பெனியை விற்ற லிங்க், மனைவி மரியனோடு கடல் ஆய்வில் இறங்கினார். 1962-ல் பிரான்ஸ் கடலில், தானே வடிவமைத்த அலுமினிய உருளைக்குள் 60 அடி ஆழத்தில் 8 மணி நேரம் தங்கினார். அப்போது அவருக்கு வயது 58. அடுத்த மாதமே ராபர்ட் ஸ்டெனுவி என்ற மூழ்காளர் அதே உருளையில் 200 அடி ஆழத்தில் ஒரு நாள் முழுக்க இருந்தார். பிறகு, ஆழத்திலேயே மூழ்காளர் வெளியே போய்த் திரும்பும் வசதி கொண்ட நீர்மூழ்கிகளை லிங்க் உருவாக்கினார். அதில் ஒன்றுதான் ஜான்சன் சீ லிங்க்.

1973 ஜூன் 17. அமெரிக்காவின் கீ வெஸ்ட் அருகே, கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு போர்க்கப்பலின் சிதைவில் அந்த நீர்மூழ்கி சிக்கியது. உள்ளே 4 பேர். அதில் ஒருவர் லிங்க்கின் மகன் கிளேட்டன், வயது 31. பின்பக்க அலுமினிய அறை கடல் குளிரில் சில்லிட்டுப்போனது. வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சும் ரசாயனம் அந்தக் குளிரில் சரியாக வேலை செய்யவில்லை. ஒரு நாளுக்கும் மேலான போராட்டத்துக்குப் பிறகு நீர்மூழ்கியை மேலே கொண்டுவந்தார்கள். முன்பக்கம் இருந்த 2 பேர் பிழைத்தார்கள். கிளேட்டனும் உடன் இருந்த ஆல்பர்ட் ஸ்டோவரும் இறந்துவிட்டார்கள். அப்பா வடிவமைத்த கலத்திலேயே மகன் உயிர் போனது.

மேலே கயிறு பிடிக்கும் ஆள்

தூத்துக்குடி பக்கம் முத்துக்குளித்த காலத்தில், கல்லைக் கட்டி இறங்குபவரின் உயிர் தோணியில் கயிறு பிடிப்பவர் கையில். கயிறு அசைந்தால் உடனே இழுக்கணும். மனைவியின் அண்ணன் தம்பியைத்தான் அங்கே நிறுத்துவார்கள் என்று சொல்வது உண்டு. கூடப்பிறந்தவள் தாலிக்காகவாவது அவர் அசரமாட்டாராம். இங்கே பெரிய அளவிலான கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது.

ஜான்சன் சீ லிங்க் சிக்கிய நாளில், உடனே இழுக்க மேலே அப்படி ஒரு கயிறு இல்லை. மகனை இழந்த லிங்க் வீட்டில் முடங்கிவிடவில்லை. கேபிளில் இறக்கி, கேமராவில் பார்த்து, ஆழத்தில் சிக்கியவர்களை விடுவிக்கும் ஆளில்லா மீட்புக் கருவி ஒன்றை உருவாக்கினார். ஆங்கிலத்தில் அதன் சுருக்கப் பெயர் கார்டு. கயிறு என்றுதான் அர்த்தம்.

1981 செப்டம்பர் 7-ம் தேதி, 77 வயதில் பிங்காம்டனில் லிங்க் காலமானார். அடுத்த வருஷமே மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் விற்பனைக்கு வந்தது. துருத்தி போய் கம்ப்யூட்டர் வந்தாச்சு. வீட்டு மேஜையில் எம்ப்ரேயர் பேனல் செய்கிறவர்களும், பயணிகள் விமானம் ஓட்டும் விமானிகளும் இன்னைக்கும் பழகுவது அதே பாடம்தான். வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் முள்ளை நம்பு. தப்பு பண்ணணுமா, அதைத் தரையிலேயே பண்ணிப் பழகு.