பேராசிரியர்களுக்கு அரசியல் எதற்கு?

பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்கள் தேர்தல் காலத்தில் ஒரு நிலைப்பாட்டை எடுக்கும்போதும், அதற்காக உறுப்பினர்களிடம் நிதி திரட்டும்போதும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பாடம் நடத்த வேண்டியவர்களுக்கு அரசியல் எதற்கு, வசூல் எதற்கு என்பதே அது. நியாயமான கேள்விதான். விடை தேடுவோருக்கு அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயியின் வாழ்க்கை உதவும்.

செயல்வழிக் கற்றலை வலியுறுத்திய கல்விச் சிந்தனையாளராக அவரை நாம் அறிவோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்ற அம்பேத்கரின் ஆசிரியர்களுள் ஒருவராகவும் அறிவோம். அவர் ஒரு தொழிற்சங்க உறுப்பினர் என்பது மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை.

வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 1859 அக்டோபர் 20 அன்று ஒரு மளிகை வணிகரின் மகனாகப் பிறந்தார் டூயி. சில காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1884-இல் முனைவர் பட்டம் பெற்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1894-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறைத் தலைவரானார்.

அவர் சிகாகோவுக்கு வந்தபோது, புல்மன் ரயில்பெட்டி நிறுவனத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் நகரமே கொந்தளித்துக்கொண்டிருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஆசிரியர் எட்வர்ட் பெமிஸ், ரயில் நிறுவனங்களைக் குறைகூறி ஒரு தேவாலயத்தில் பேசினார். மறு ஆண்டே அவர் வேலை இழந்தார். பல்கலைக்கழகம் திறமைக் குறைவைக் காரணம் காட்டியது. பலர் அதை நம்பவில்லை. செல்வந்தர்களின் நன்கொடையில் இயங்கும் ஒரு நிறுவனத்தில் பொருளியல் அறிஞரின் நாக்குக்கு எவ்வளவு நீளம் அனுமதிக்கப்படும் என்பதைச் சக ஆசிரியர்கள் அன்று கண்டுகொண்டனர்.

டூயி அந்நகரில் வாழ்ந்த பத்தாண்டுகளில் பள்ளி ஆசிரியைகள் மற்றொரு பாடத்தைக் கற்பித்தனர். அறிவிக்கப்பட்ட ஊதிய உயர்வைப் பணமில்லை என்று கூறிக் கல்வி வாரியம் கைவிட்டது. மார்கரெட் ஹேலி, கேத்தரின் காகின் என்னும் இரு ஆசிரியைகள் வரிப் பதிவேடுகளைப் புரட்டினர். டிராம், எரிவாயு போன்ற பொதுச்சேவை நிறுவனங்கள் தங்கள் உரிமங்களின் மதிப்புக்கு உரிய வரியைச் செலுத்தவில்லை என்று கண்டறிந்தனர். சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பு அவ்விருவரையும் வகுப்பறையிலிருந்து விடுவித்து, உறுப்பினர் சந்தாவிலிருந்து ஊதியம் வழங்கியது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று 1901-இல் ஆசிரியர்களுக்குச் சாதகமாக முடிந்தது. அப்போது அந்த ஆசிரியைகளுக்குச் சட்டமன்றத் தேர்தலில் வாக்குரிமைகூட இல்லை.

பொருளியல் பயின்றவன் என்ற முறையில் இந்நிகழ்வை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆசிரியரின் ஊதியம் கருவூலத்தில் தீர்மானமாகிறது. கருவூலத்தின் வருவாயோ வரிக்கொள்கையில் தீர்மானமாகிறது. வரிக்கொள்கை அரசியல்தான். அதில் தலையிட வழக்கறிஞரும் முழுநேர ஊழியரும் வேண்டும். அவர்களுக்குப் பணம் வேண்டும்.

1904-இல் நிர்வாகத்துடன் ஏற்பட்ட பிணக்கால் சிகாகோவை விட்டு விலகிய டூயி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இணைந்தார். 1915-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரானார். கல்விச் சுதந்திரம் குறித்து அச்சங்கம் வெளியிட்ட பிரகடனம் இன்றும் மதிக்கப்படுகிறது. ஆனால், அது தொழிற்சங்கமாக அறியப்பட விரும்பாத அமைப்பு. அதன் வலிமைக்கு 1917-இல் சோதனை வந்தது. போர்க் கொள்கையை எதிர்த்த இரு பேராசிரியர்களைக் கொலம்பியா நீக்கியது. வரலாற்றறிஞர் சார்லஸ் பியர்ட் கண்டனம் தெரிவித்துப் பதவி விலகினார். டூயி போரை ஆதரித்தவர். ஆயினும் இந்த நீக்கத்தை ஏற்காமல் பல்கலைக்கழகக் குழுவொன்றிலிருந்து விலகினார். பேராசிரியர் சங்கமோ போர்க்காலக் கட்டுப்பாடுகளுக்குப் பெரிதும் இசைந்து போயிற்று.

நியூயார்க் ஆசிரியர் தொழிற்சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவராக டூயி ஏற்கெனவே இணைந்திருந்தார். அதே 1917-இல் மூன்று உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் நாட்டுப்பற்று இல்லை என்ற குற்றச்சாட்டில் நீக்கப்பட்டபோது, அவர்களுக்காகச் சங்கத்துடன் நின்றார். ஆசிரியர்கள் அரசுக்கு விசுவாசமானவர்கள் என்று சான்று பெறவேண்டும் என 1921-இல் நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியது. சங்கம் அதை எதிர்த்தது. 1923-இல் சட்டம் நீக்கப்பட்டது. சட்டமன்றத்தில் பூட்டப்பட்ட பூட்டைச் சட்டமன்றத்தில்தான் திறக்க முடிந்தது.

இதில் ஆபத்து இல்லையா? இருக்கிறது, அதையும் டூயி அனுபவித்தார். 1930-களில் கம்யூனிஸ்ட் குழுக்களின் பூசலால் நியூயார்க் சங்கம் திணறியது. 1933-இல் அதை விசாரிக்கும் குழுவுக்கு டூயி தலைமை ஏற்றார். குழுவின் பரிந்துரைக்குத் தேவையான மூன்றில் இரு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. 1935-இல் சுமார் 700 பேர் வெளியேறி ஆசிரியர் கில்டு என்ற புதிய அமைப்பைக் கண்டனர். டூயியும் அவர்களுடன் சென்றார். அரசியலே வேண்டாம் என்பதற்காக அவர் விலகவில்லை. சங்கம் தன் உறுப்பினர்களின் கருவியாக இருக்க வேண்டுமே தவிர, ஒரு கட்சியின் கருவியாகிவிடக் கூடாது என்பதே அவரது நிலை.

எண்பது வயதில் அவர் கண்ட நிகழ்ச்சி இந்த விவாதத்துக்கே விளக்கவுரை போன்றது. 1940-இல் நியூயார்க் நகரின் அரசுக் கல்லூரியில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். மதவாதிகள் எதிர்த்தனர், நீதிமன்றம் நியமனத்தை ரத்து செய்தது. மேல்முறையீடு குறித்த பேச்சு எழுந்தபோது, மேயர் லாகார்டியா நகர வரவு-செலவுத் திட்டத்திலிருந்து அந்தப் பணியிடத்துக்கான ஒதுக்கீட்டையே நீக்கிவிட்டார். ஒரு வரி அடிக்கப்பட்டது. உலகப் புகழ்பெற்ற தத்துவ அறிஞரின் இருக்கை மறைந்தது. ரஸ்ஸலுக்காகக் குரல் கொடுத்த டூயி, இவ்வழக்கைப் பற்றி 1941-இல் வெளியான நூலின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரானார்.

1952 ஜூன் 1 அன்று, தம் 92-ஆம் வயதில் டூயி மறைந்தார். அவர் சேர்ந்த கில்டு பின்னாளில் நியூயார்க்கின் மாபெரும் ஆசிரியர் சங்கத்துக்கு வித்தானது. அவர் தலைமை தாங்கிய பேராசிரியர் சங்கம் 1970-களில் ஊதியப் பேரத்தை ஏற்றது.

பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டாமலே அரசியல் உள்ளே வந்துவிடுகிறது. வரவு-செலவுத் திட்டமாக, நியமன ஆணையாக, விசுவாசச் சான்றாக வருகிறது. அதை எதிர்கொள்ள ஆசிரியர்கள் நிதி திரட்டுவதில் பிழையில்லை. அந்த நிதி உறுப்பினர்கள் மனமுவந்து தந்ததாக இருக்கட்டும். கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும். எதற்குச் செலவிடுவது என்பதை அவர்களின் வாக்கு தீர்மானிக்கட்டும். இந்த மூன்றும் இல்லாத சங்கத்தை விட்டு வெளியேறும் துணிவும் ஆசிரியருக்கு வேண்டும். டூயிக்கு அது இருந்தது.