வேதத்துக்குத் திரும்பிய ஜார்ஜ் முல்லர்

ஜார்ஜ் முல்லர் என்றதும் நம் சபைகளில் பிரிஸ்டல் நகரத்து அனாதை இல்லங்களைப் பற்றித்தான் சொல்வார்கள். யாரிடமும் கைநீட்டாமல், ஜெபத்தை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தவர் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே மனிதர் வேதம் வாசிப்பதில் பல ஆண்டுகள் தடுமாறியவர் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

1805 செப்டம்பர் 27-ஆம் தேதி, இன்றைய ஜெர்மனியில் இருக்கும் குரோப்பன்ஸ்டெட் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் வரி வசூலிக்கும் அதிகாரி. மகனோ அப்பாவின் பணத்திலேயே கைவைத்தார். தங்கிய விடுதிக்குக் காசு கொடுக்காமல் நழுவப் பார்த்து, 16 வயதில் சிறைக்கும் போனார். போதகராகப் படிக்க வேண்டிய அந்தப் பையனிடம் 300 புத்தகங்கள் இருந்தன. பைபிள் மட்டும் இல்லை.

பிறகு ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கும் அந்த ஊரில் படித்தவர்தான். 1825-இல் ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர் ஒருவர் முல்லரை வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒருவர் முழங்காலில் நின்று ஜெபித்ததைப் பார்த்தார். அதுவரை அப்படி ஒருவரை அவர் பார்த்ததே இல்லை. அன்று மனம் மாறியது.

ஆனால் வாசிப்பு மாறவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகளும் துண்டுப் பிரசுரங்கள், பிரசங்கங்கள், பக்தர்களின் வரலாறுகள் என்று படித்தாரே தவிர, வேதத்தைக் குறைவாகவே திறந்தார். குறைத்து வாசிக்க வாசிக்க ஆசையும் குறைந்துகொண்டே போனது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1829-இல் லண்டனில் நோய்வாய்ப்பட்டு, உடம்பு தேற டெய்ன்மவுத் என்ற கடலோர ஊருக்குப் போனார். அங்கிருந்து திரும்பியபின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேதத்தோடு உட்கார்ந்தார். பல மாதங்களில் கிடைக்காதது சில மணி நேரத்தில் கிடைத்ததாம்.

கதை அதோடு முடிந்திருந்தால் சுலபம். 1841-இல் அவருக்கு வயது 35. ஊழியக்காரர், அனாதை இல்லத்தை நடத்துகிறவர். அப்போதும் விடியற்காலை அவருக்குச் சிக்கலாகத்தான் இருந்தது. எழுந்து உடுத்தியதும் ஜெபிக்க முழங்காலிடுவார். மனம் எங்கெங்கோ அலையும். கால் மணி, அரை மணிகூட அப்படியே போய்விடும். பொழுது விடியுமுன் வேலைக்குப் பஸ் பிடிக்கிற நம் வீட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல.

முல்லர் வரிசையை மாற்றினார். முதலில் புதிய ஏற்பாட்டைத் திறந்து, ஒவ்வொரு வசனமாக நிதானமாக யோசிப்பார். பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்க அல்ல, தன் ஆத்துமாவுக்கு ஆகாரமாக. அப்படி யோசிக்கும்போதே நன்றியோ மன்னிப்போ வேண்டுதலோ தானாக வாயில் வரும். ஜெபம் என்று தனியாக ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே நடந்துகொண்டே இப்படித் தியானிப்பதும் உண்டு. இவ்வளவு சின்ன மாற்றத்தை முன்பே கண்டுகொள்ளவில்லையே என்று அவருக்கே வியப்பு.

ஆஷ்லி டவுனில் 5 பெரிய இல்லங்கள் எழுந்ததும், 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வளர்ந்ததும், 70 வயதுக்குமேல் இந்தியா உட்பட 42 நாடுகளில் பிரசங்கித்ததும் பலர் எழுதிய கதை. அத்தனை அலைச்சலிலும் பழைய ஏற்பாட்டில் ஒரு பகுதி, புதிய ஏற்பாட்டில் ஒரு பகுதி என்று வரிசையாக வாசித்து, வேதம் முழுவதையும் 100 முறைக்கு மேல் முடித்தார்.

1898 மார்ச் 9-ஆம் தேதி மாலை இல்லத்தில் ஜெபக்கூட்டம் நடத்திவிட்டுப் படுக்கப் போனார். வயது 92. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தேநீர் கொண்டுபோனவர் கதவைத் தட்டினார், பதில் இல்லை. கட்டிலருகே தரையில் அவர் உயிர் பிரிந்து கிடந்தார்.