‘அமேசிங் கிரேஸ்’ எழுதியவர் ஒரு அடிமைக் கப்பல் கேப்டன்! ஜான் நியூட்டன் வாய் திறக்க 40 ஆண்டுகள் ஆனது ஏன்?

சர்ச்சுக்குப் போகாதவர்கள்கூட சினிமாவிலோ யூடியூபிலோ ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டைக் கேட்டிருப்பார்கள். கடவுளின் கிருபையைப் பாடும் அந்தப் பாட்டை எழுதியவர் ஜான் நியூட்டன். ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியில் கட்டி, கடல் கடந்து கொண்டுபோய் விற்ற கப்பலின் கேப்டன்.

புயலில் சிக்கினார், மனம் திருந்தினார், அடிமை வியாபாரத்தை விட்டுவிட்டுப் பாட்டு எழுதினார். அவர் கதையைப் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆனா, நடந்தது அவ்வளவு சுலபமாக இல்லை.

யார் இந்த நியூட்டன்?

1725-ல் லண்டனில் பிறந்தார். அப்பா கப்பல் கேப்டன். பைபிள் சொல்லிக்கொடுத்த அம்மா, மகனுக்கு 7 வயது நிரம்பும் முன்பே காசநோயில் இறந்துபோனார். 11 வயதில் அப்பாவோடு கடலுக்குப் போனார் நியூட்டன்.

1744-ல் பிரிட்டிஷ் கடற்படை அவரைக் கட்டாயமாகப் பிடித்துச் சேர்த்தது. தப்பி ஓடினார், மாட்டிக்கொண்டார், சவுக்கடி வாங்கினார். பிறகு இன்றைய சியரா லியோன் கரையில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சாப்பாட்டுக்கே வழியில்லாமல், அவரும் கிட்டத்தட்ட அடிமையாகவே நடத்தப்பட்டார். கடவுள் நம்பிக்கையைக் கேலி செய்துகொண்டிருந்த காலம் அது.

புயலில் என்ன நடந்தது?

1748 மார்ச். ‘கிரேஹவுண்ட்’ என்ற கப்பலில் ஊர் திரும்பும்போது அட்லாண்டிக்கில் பெரும் புயல். கப்பலின் பக்கவாட்டுப் பலகைகள் உடைந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. பல மணி நேரம் தண்ணீரை இறைத்தார்கள். சரக்கில் தேன்மெழுகும் மரமும் இருந்ததால் கப்பல் மூழ்காமல் மிதந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக நியூட்டன் கடவுளைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். சுமார் 4 வாரம் கழித்து கப்பல் அயர்லாந்துக் கரையைத் தொட்டது.

கிருபை என்றால் என்ன?

இரட்சிப்பு என்பது நல்லது செய்து சம்பாதிக்கிற கூலி இல்லை. தகுதியே இல்லாதவருக்கும் கடவுள் இலவசமாகத் தருவது. அதை விசுவாசத்தால் பெற்றுக்கொள்ள வேண்டும். பவுல் எபேசு சபைக்கு எழுதிய கடிதம் சொல்வது இதைத்தான். அதே பைபிளில் யாக்கோபு இன்னொன்றும் சொல்கிறார்: செயலில் தெரியாத விசுவாசத்துக்கு உயிர் இல்லை.

சரி, மன்னிப்பு கிடைத்த ஒருவர் பழைய வேலையையே தொடர்ந்தால்?

நியூட்டன் செய்தது அதுதான். புயலுக்குப் பிறகும் அடிமைக் கப்பலில் வேலைக்குப் போனார். 1750 முதல் 1754 வரை கேப்டனாக 3 பயணங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளுக்கு ஜெபக்கூட்டம் நடத்துவார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில், நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லாமல் ஆப்பிரிக்கர்கள் விலங்கோடு கிடப்பார்கள். கலகம் வருமோ என்ற சந்தேகத்தில், உண்மையைச் சொல்லவைக்க சிறுவர்களின் கட்டைவிரலைத் திருகாணியில் நெரித்ததையும் அவரது கப்பல் குறிப்பேடு பதிவு செய்திருக்கிறது.

1754-ல் அவரைக் கடலிலிருந்து இறக்கியது மனசாட்சி அல்ல, திடீரென வந்த வலிப்பு. பிறகு லிவர்பூல் துறைமுகத்தில் வரி அதிகாரியாக இருந்தார். 1764-ல் ஓல்னி என்ற ஊரில் போதகரானார். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதியதுதான் ‘அமேசிங் கிரேஸ்’. அதில் அடிமைக் கப்பல் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

ஏன் இவ்வளவு தாமதம்?

அன்றைய பிரிட்டனில் அடிமை வியாபாரம் சட்டப்படி நடந்த, மரியாதையான தொழில். கேப்டனாக இருந்தபோது, அது கடவுள் தனக்கு அமைத்துக் கொடுத்த பிழைப்பு என்றே நியூட்டன் நம்பினார். ஊரே தப்பில்லை என்று சொல்லும்போது, அந்தத் தப்பு அவர் கண்ணில் படவில்லை. புயல் நாளிலேயே தான் முழு விசுவாசியாகிவிடவில்லை என்று அவரே பின்னாளில் எழுதினார்.

1785-ல் வில்லியம் வில்பர்போர்ஸ் என்ற 26 வயது எம்.பி. அவரைத் தேடி வந்தார். அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தில் இருந்தவரை, அங்கேயே இருந்து கடவுளுக்குச் சேவை செய்யச் சொன்னார் நியூட்டன். பின்னர் அடிமை வியாபார எதிர்ப்பின் நாடாளுமன்றக் குரலாக மாறியவர் இதே வில்பர்போர்ஸ்தான்.

1788-ல், 62 வயதில், நியூட்டனும் வாய் திறந்தார். அடிமைக் கப்பலில் நடப்பதை ஒரு சிறுநூலாக எழுதி வெளியிட்டார். தானும் அதில் பங்காளி என்பதை மறைக்கவில்லை. இந்த ஒப்புதல் ரொம்பத் தாமதமானது, செய்ததை இது சரிசெய்துவிடாது என்பதையும் சொன்னார். பிரிவி கவுன்சிலிலும் நாடாளுமன்றக் குழுவிலும் சாட்சி சொன்னார். கப்பலுக்குள் இருந்து பார்த்த ஒரு கேப்டனின் சாட்சி என்பதால் அதைத் தள்ளிவிடுவது சுலபமாக இல்லை.

1807 மார்ச்சில் அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று, 82 வயதில் நியூட்டன் இறந்தார். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833-ல்தான் வந்தது.

தன் சாட்சியை மன்னிப்புக்குக் கொடுத்த விலையாக நியூட்டன் நினைக்கவில்லை. மன்னிப்பு இலவசம் என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். மன்னிப்பு பெற்றவன் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் புரிந்துகொண்ட கீழ்ப்படிதல். அது புரிய அவருக்கு 40 ஆண்டுகள் ஆனது. அவர் கப்பலில் விற்கப்பட்டவர்களுக்கு அந்த 40 ஆண்டுகள் திரும்பக் கிடைக்கவில்லை.